ஜூலை முதல் வாரத்து ஏரி

டென்வர்
மே 4, 1969

மதிப்பிற்குரிய மேக்சின் அவர்களுக்கு,

உறையின் பின்புறம் என் பெயரைப் பார்த்ததும் பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்திருப்பீர்கள். பிரித்ததற்கு நன்றி. நான் ஆர்லீன். போன அக்டோபரில் வெண்டலைக் கல்யாணம் செய்துகொண்டவள்.

இதை எழுத வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் பேனா எடுக்கிற ஆள் இல்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஜூலையில் உங்கள் பெண்கள் கேரலும் நோலாவும் இரண்டு வாரம் எங்களோடு இருக்கப்போகிறார்கள். அவர்களை இந்த வீட்டில் அடைத்து வைக்காமல், ஏதாவது ஒரு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று எனக்கு ஆசை. எல்லோஸ்டோன், க்ளேசியர், மேசா வெர்டே என்று மூன்று பெயர்களை எழுதி அவர் முன்னால் வைத்தேன். பார்த்துவிட்டு, "இதெல்லாம் மேக்சினுக்குத்தான் தெரியும், அவளையே கேளு" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். நான் பிறந்ததிலிருந்து கூடாரத்தில் படுத்ததில்லை. பிள்ளைகளுக்கு எந்த இடம் பிடிக்கும், எதைக் கண்டால் பயம், காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று இரண்டு வரி எழுதினால் பெரிய உதவி.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஆர்லீன்


போக்கட்டெல்லோ, ஐடஹோ
மே 15, 1969

ஆர்லீன் அவர்களுக்கு,

யோசித்தது உண்மை. உங்கள் கடிதம் இரண்டு நாள் ரொட்டிப் பெட்டியின் மேல் கிடந்தது.

எல்லோஸ்டோன் வேண்டாம். அங்கே கரடிகள் சாலைக்கே வந்து கார்க் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கும். நோலாவுக்கு எட்டு வயதுதான், பயந்துவிடுவாள். மேசா வெர்டேயில் பாறைச் சுவரில் ஏணி வைத்து ஏற வேண்டும். கேரலுக்குத் தலை சுற்றும். க்ளேசியர் வேண்டவே வேண்டாம். காரணமெல்லாம் எழுத இடமில்லை.

எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரத்தில் டீட்டன் பூங்கா இருக்கிறது. அதன் வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஏரி உண்டு. கூட்டமே வராது. வழி வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூலை முதல் வாரமே போங்கள், தள்ளிப்போடாதீர்கள். கோரைப்புல் முடிகிற இடத்தில், தண்ணீரை ஒட்டியே கூடாரம் போடுங்கள். வெண்டல் இதுவரை அங்கே வந்ததில்லை, ஆனால் அவருக்குப் பிடிக்கும். எங்கே போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஆச்சரியமாக இருக்கட்டும்.

அந்தப் பச்சைக் கூடாரம் உங்களிடம்தான் இருக்கும். நாங்கள் பிரிந்தபோது அவர் கேட்டு வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. வாசல் பக்கத்துக் கிழிசலைத் தைத்தவள் நான். தையல் விட்டிருந்தால் எழுதுங்கள், எப்படித் தைப்பது என்று சொல்கிறேன்.

காலையில் பிள்ளைகள் பேன்கேக் சாப்பிடுவார்கள்.

இப்படிக்கு,
மேக்சின்


டென்வர்
மே 28, 1969

அன்புள்ள மேக்சின் அவர்களுக்கு,

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஏரிக்கே போகிறோம். பிள்ளைகளிடம் மூச்சு விட மாட்டேன்.

வெண்டலிடம் சொன்னேன். வரைபடத்தைக்கூடப் பார்க்கவில்லை. "மேக்சின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார், அவ்வளவுதான். சோபாவுக்குத் துணி வாங்குவதென்றால்கூட நான் சொல்வதை நான்கு கடையில் விசாரித்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். அன்று மாலை பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் இருவருக்கும் படுக்கைப் பை தைத்துக்கொண்டிருக்கிறேன். ஓரத்தில் நீல நூலில் அவரவர் பெயர். நோலாவின் கால் அளவு மட்டும் தெரியவில்லை. நடப்பதற்கு நல்ல காலணி வாங்கி வைக்க வேண்டும்.

பேன்கேக்கில் நீங்கள் என்ன சேர்ப்பீர்கள்? பனிக்கால விடுமுறையில் நான் செய்து கொடுத்தபோது நோலா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மரியாதையாகத் தள்ளி வைத்துவிட்டாள்.

அன்புடன்,
ஆர்லீன்


போக்கட்டெல்லோ
ஜூன் 10, 1969

ஆர்லீன் அவர்களுக்கு,

நோலாவிடம் நல்ல படுக்கைப் பை இருக்கிறது. அதில் அவள் பெயரும் இருக்கிறது. காலணி நானே வாங்கிவிட்டேன்.

பேன்கேக்கில் விசேஷமாக ஒன்றும் இல்லை. மாவு, முட்டை, மோர். மற்றதெல்லாம் கைப்பக்குவம்.

நேற்று நோலா, "மம்மி, ஆர்லீன நான் என்னன்னு கூப்பிடணும்?" என்று கேட்டாள். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாய், வேறு எப்படிக் கூப்பிடுவாய் என்றேன். நீங்கள் வேறு ஏதாவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

வேறொன்று எழுத நினைத்து உட்கார்ந்தேன். இப்போது அது அவசியமாகப் படவில்லை.

மேக்சின்


டென்வர்
ஜூலை 19, 1969

மேக்சின் அவர்களுக்கு,

பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். இந்நேரம் அவர்களே எல்லாம் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

ஜூலை இரண்டாம் தேதி அவர்களைக் கூட்டிப்போக வந்தபோது நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தேன். வெளியே வருவீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் சொன்ன இடத்தில், தண்ணீரை ஒட்டியே கூடாரம் போட்டோம். மாலை ஐந்து மணி வரை சொர்க்கம். பிறகு கோரைப்புல்லிலிருந்து கொசு எழுந்தது. நான் பார்த்த கொசு இல்லை அது, புகை மாதிரி வந்தது. அவித்த பீன்ஸை வாயில் வைத்தால் அதோடு கொசுவும் போனது. காலையில் நோலாவின் இடது கண் திறக்கவில்லை. முகம் வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. கூடாரத்தைச் சுருட்டி டிக்கியில் திணித்துக்கொண்டு பக்கத்து ஊர் டாக்டரிடம் ஓடினோம். வழி முழுக்க அவள் என் மடியில் படுத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட்டு அழுதாள். ஊசி போட்டபின் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பயப்படாதீர்கள்.

காரில் கேரல் சொன்னாள், "இங்க போன வருஷம் மாமா குடும்பத்தோட வந்தோம்ப்பா. இதே ஜூலைலதான். கொசு தாங்காம அம்மா மறுநாளே கிளம்பிட்டாங்க. அப்ப எதிர்க்கரைல இருந்தோம், அதான் நேத்து அடையாளமே தெரியல. இங்கதான் வரப்போறோம்னு சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

வெண்டல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேக்சின் இந்த இடத்தையா சொன்னா?"

"சொன்னாங்க. ஆகஸ்ட் கடைசில போங்க, அப்ப கொசு இருக்காதுனு எழுதியிருந்தாங்க. நாந்தான் ஜூலைனு படிச்சிருக்கேன்" என்றேன்.

"முதல்ல உனக்கு ஒரு கண்ணாடி வாங்கணும்" என்றார். அதோடு விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் மே மாதக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

நான் நல்லவள் என்பதால் உங்களைக் காப்பாற்றினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தால் அவருக்கு உங்கள் மேல் கோபம் வந்திருக்கும். மிச்ச நாளெல்லாம் உங்களையே நினைத்துக்கொண்டு, உங்களையே திட்டிக்கொண்டு காரை ஓட்டியிருப்பார். எனக்கு அதுகூடப் பொறுக்கவில்லை. அவர் என்னைக் குருடி என்று நினைத்தாலும் பரவாயில்லை, என்னை நினைக்கட்டும் என்று இருந்தது.

அங்கிருந்து க்ளேசியர் போனோம். முடிவு செய்தவர் அவர். பூங்காவுக்குள் நுழைந்ததும் யாரையும் வழி கேட்கவில்லை. எத்தனையோ இடம் காலியாக இருக்க, நேராக ஓடைப் பக்கத்து ஓர் இடத்தில் கொண்டுபோய்க் காரை நிறுத்தினார். எந்த மரத்தில் கயிறு கட்ட வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. காரணம் எழுத இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாளில் பாதி காலியாகத்தான் இருந்தது.

கூடாரத்தில் உங்கள் தையல் விடவில்லை. இருந்த நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் படுத்திருந்தேன்.

ஆர்லீன்


போக்கட்டெல்லோ
ஜூலை 26, 1969

அன்புள்ள ஆர்லீன்,

ஐந்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரிந்தேதான் அனுப்பினேன். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம் என்றதும் அதற்குத்தான். கேரல் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெரியும்.

நீ ஒரு நாள் கொசுவில் கிடந்து, அழுது, கூடாரமும் வேண்டாம் வெண்டலும் வேண்டாம் என்று ஓடிவிட வேண்டும் என்று நினைத்தேன். என் வயிற்றெரிச்சலில், அந்தக் கொசு நோலாவையும் கடிக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. இரண்டாம் தேதி கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டுதான் நின்றேன். அந்த நேரம் நீ காரில் பின்னால் திரும்பி நோலாவின் தலைமுடியைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாய். கையை எடுத்துவிட்டேன்.

நோலாவுக்குக் கரடி பயம் என்று எழுதினேன். நான்கு வயதில் காருக்குள் மூக்கை நீட்டிய கரடியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தவள் அவள். கேரலுக்குத் தலை சுற்றாது, மரமெல்லாம் ஏறுவாள். அந்த இரண்டு இடங்களிலும் நாங்கள் நால்வரும் சந்தோஷமாக இருந்தோம், அவ்வளவுதான் காரணம். க்ளேசியரில் அந்த ஓடைக்கரையில்தான் வெண்டல் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். அதற்கப்புறம் ஏழு கோடை அதே இடம். உனக்கு ஏற்கெனவே புரிந்திருக்கும்.

வந்ததும் நோலா என்னிடம் சொன்ன முதல் விஷயம், "ஆர்லீன் வழி முழுக்க ஈரத்துணிய என் கண்ணுல வச்சுக்கிட்டே வந்தாங்க மம்மி. அவங்க கையெல்லாம் கொசு கடிச்சு வீங்கியிருந்துச்சு." உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். அந்தத் துணியை வைத்தது என் கையாக இல்லையே என்றும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

இந்த உறைக்குள் இன்னொரு சின்ன உறை இருக்கிறது. வெண்டலுக்கு. நடந்ததை உள்ளபடி எழுதியிருக்கிறேன். உன் கண்ணில் குறையில்லை என்றும் எழுதியிருக்கிறேன். ஒட்டவில்லை, நீ படித்துக்கொள்ளலாம். கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். நேராக அவர் பெயருக்கே தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் அப்படிப் போட்டால், அவர் என்னை நினைக்க வேண்டும் என்பதற்காகப் போடுகிறேனா, உண்மைக்காகப் போடுகிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

பேன்கேக்கில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்.

மேக்சின்


டென்வர்
ஆகஸ்ட் 9, 1969

அன்புள்ள மேக்சின்,

நான் அதைப் படிக்கவில்லை. ஒரு நாள் முழுக்கச் சமையலறையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு கொடுத்துவிட்டேன்.

அவர் நின்றுகொண்டே படித்தார். நான் நினைத்தமாதிரி கோபப்படவில்லை. "உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப ஏன் உம்மேல போட்டுக்கிட்ட?" என்றார். உங்களிடம் சொல்ல முடிந்தது அவரிடம் சொல்ல வரவில்லை, வேடிக்கைதான். பிறகு அவரே, அடுத்த கோடைக்கு எங்கே போவது என்று இனிமேல் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்றார். நீங்கள் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்த இடம் என்றாலும் வருகிறேன். கொசுவுக்கு மருந்து வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாளும் அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்கு மறுநாளும்.

சனிக்கிழமை துணி துவைத்தேன். வழக்கமாக ஒவ்வொரு பையையும் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுவேன். அன்றைக்குப் பார்க்கவில்லை.

ஜாதிக்காய் வாங்கிவிட்டேன்.

ஆர்லீன்