கணவர் பெயரில் போன என் சளி

அனுப்புநர்:
இ. ஜாஸ்மின் (வயது 29),
க/பெ இருதயராஜ்,
4/17, கிணற்றுத் தெரு,
ஆம்பூர் வட்டம்.

பெறுநர்:
துணை இயக்குநர் (காசநோய்) அவர்கள்,
திருப்பத்தூர் மாவட்டம்.

பொருள்: கணவர் பெயரில் என் சளி சோதிக்கப்பட்டது – இருவருக்கும் அவரவர் பெயரில் மீண்டும் விரைவு மூலக்கூறு பரிசோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் தோல் தொழிற்சாலையில் தோலைத் தேய்க்கும் பஃபிங் மெஷினில் இருப்பவர். எங்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கீழ்க்காணும் தவறைச் செய்தது நான். அதைத் திருத்த மறுப்பது எங்கள் பகுதிப் பரிசோதனை மையம். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1. ஏப்ரல் மாதம் எக்ஸ்ரே பார்த்து என் கணவருக்குக் காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். மருந்துக்கு அடங்காத கிருமியா என்று இயந்திரத்தில் வைத்துப் பார்க்கச் சளி கேட்டார்கள். அவருக்கு வறட்டு இருமல். "இது வெறும் எச்சில், சளி எடுத்துட்டு வா" என்று இரண்டு தடவை டப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் லீவு போட்டதற்கே அவருடைய சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2. மூன்றாம் முறை, மே 27 காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு மாதமாய் இருமல். கம்பெனியில் பசை வாசனையால் வருவது என்று நினைத்திருந்தேன். அன்று சளி கெட்டியாக வந்தது. அவர் துப்பிவைத்திருந்த எச்சிலைக் கொட்டிவிட்டு, அவருடைய டப்பாவில் துப்பி மூடி, நானே மையத்தில் கொடுத்துவிட்டேன். ஒரே வீடு, ஒரே இருமல்தானே என்று எண்ணினேன். இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டா என்று தாங்கள் கேட்கலாம். நானும் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

3. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அடங்காத காசநோய் என்று, அவர் பெயரில் முடிவு வந்தது. பழைய மாத்திரையில் மூன்று கிலோ ஏறியிருந்தார். அதை நிறுத்திவிட்டு வேறு கடுமையான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இப்போது உடம்பு கறுத்து, பாதம் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடக்கிறார். அந்த நோய் உள்ள நான் ஒரு மாத்திரையும் இல்லாமல் இருக்கிறேன்.

4. மாலை நான்கு மணி ஆனால் எனக்குக் காய்ச்சல் ஏறுகிறது. மெஷின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் தள்ளிப் போகிறது. வெட்டிவைத்த தோல்துண்டுகள் மேசையை விட்டு மெல்ல எழுந்து மின்விசிறிக்குக் கீழே நீந்துகின்றன. கம்பெனி பஸ்ஸில் கண் மூடினால் அந்தப் பரிசோதனை இயந்திரம் வருகிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை. கனவில் அது எங்கள் வீட்டு பீரோ அளவு இருக்கிறது. சின்னக் கதவு திறக்கிறது, உள்ளே பால் நிறத்தில் வெளிச்சம். கோபமே இல்லாமல், மெதுவாக, "ஜாஸ்மின்" என்கிறது. ஆமாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் பாலாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கி விழித்துவிடுகிறேன். மனுவில் கனவை எழுதக் கூடாது என்று தெரியும். ஆனால் இதுவரை இந்த நோய்க்கு என் பெயரைச் சொன்னது அது ஒன்றுதான்.

5. ஜூன் 12 அன்று மையத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சளி வாங்கிய பெண் அழாத குறை. "அக்கா, ரிசல்ட் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. இப்ப மாத்துனா என் வேலைக்கே பேஜாராய்டும்" என்றார். அவர் பெயரை எழுத மாட்டேன், அவர்மேல் தப்பில்லை. என் பெயரில் தனியாகச் சோதியுங்கள் என்று கேட்டதற்கு, அங்கிருந்த இன்னொருவர், "மெஷின்ல போடற கார்ட்ரிட்ஜ் கம்மி, அடுத்த வாரம் வா" என்றார். நான்கு அடுத்த வாரங்கள் முடிந்துவிட்டன. இரண்டு மணி நேரத்தில் முடிவு என்று அதே மையத்தின் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறது.

6. இத்தனை நாளும் கணவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தனக்குத்தான் அந்தக் கிருமி என்று தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் அவர் தனியாக வைத்துக்கொண்டார். முகக்கவசத்தோடு வாசலில் உட்கார்ந்து, ஓடிவரும் குழந்தையிடம், "அப்பாகிட்ட வராதம்மா, அம்மாகிட்ட போ" என்பார். குழந்தை என் மடிக்கு வரும். நானும் தூக்கிக்கொள்வேன். ஐயா, என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

7. சென்ற ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. குழந்தையைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினார். அது ஓடி வந்தது. கிட்டே வந்ததும் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எனக்கும் அதே இருந்தா இன்னா பண்றது, ஜாஸ்மின்?" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் குழந்தையைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு ரங்கம்மாள்தான் சோறு ஊட்டுகிறார்.

ஆகவே, எங்கள் இருவர் சளியையும் தங்கள் அலுவலர் முன்னிலையில் எடுத்து, அவரவர் பெயரில் சோதித்து, அதற்கேற்ற மருந்து தரவும், குழந்தையையும் பரிசோதிக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாற்றிக் கொடுத்ததற்கு என்மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். மற்றவை தாமதமானாலும், எங்கள் இருவரில் யார் குழந்தையைத் தூக்கலாம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

இடம்: ஆம்பூர்
நாள்: 16.07.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இ. ஜாஸ்மின்