சர்க்கரை தின்னாத இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். என் வீட்டுக்காரர் மட்டும் பயத்தில் இளைத்துவிட்டார். அவருக்கு அது தேவைதான்.

போன மாதம் பேக்கரியில் மறுபடி வலிப்பு வந்தது. பிறந்தநாள் கேக்கில் க்ரீம் பூ வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டேனாம். விழித்தபோது மூக்கின் மேல் ஒரு ரோஜா. "கேக் போனா போகுது, முதல்ல பெரிய டாக்டரப் பாரும்மா" என்று முதலாளியே அனுப்பிவைத்தார்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு ஆபரேஷன் உண்டாம். ஆனால் மூளையில் அது கிளம்பும் இடம் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் தலை முழுக்க ஒயர் ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக வலிப்புக்கு வரவேற்பு! அதுவோ வீம்பு பிடித்தது. ஒருவழியாக வந்ததும் நர்ஸ் ஓடிவந்து ஸ்கேனுக்கான மருந்தை ஊசியில் ஏற்றினார். அந்த நேரம் மூளையில் ரத்தம் எங்கே அதிகம் பாய்ந்தது என்று ஸ்கேன் படத்தில் தெரிந்தது.

வலிப்பு இல்லாத இன்னொரு நாள், சர்க்கரையையே ஊசியில் ஏற்றி வேறொரு படம். மூளையெல்லாம் சர்க்கரையைத் தின்று பளிச்சென்று இருக்க, காதுக்கு மேலே ஓரிடம் மட்டும் மங்கல். ரத்தம் பாய்ந்த அதே இடம்!

"வலிப்பு வந்தா வாரி வாரித் தின்னும். மத்த நேரம் பசியே இல்லாம சுருண்டு கிடக்கும். அதான் மாட்டிக்கிச்சு" என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "எங்க அண்ணன் அச்சு அசல் இப்படித்தான் டாக்டர், விருந்துன்னா மட்டும் எந்திரிப்பாரு" என்றார். டாக்டரம்மா சிரித்து ஓய வெகு நேரமாயிற்று.

அடுத்த மாதம் ஆபரேஷன். பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு நின்றுவிடுகிறதாம். கொஞ்சம் மறதி வரலாம், சொல்ல வந்த வார்த்தை நழுவலாம் என்பதையும் டாக்டரம்மா ஒளிக்கவில்லை. நான் சம்மதித்துவிட்டேன். இனியாவது பயமில்லாமல் கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்க வேண்டும் அக்கா. தனியாகச் சாலையைக் கடக்க வேண்டும்.

சின்ன வயதில் வலிப்பு வரும்போதெல்லாம் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நான் விழித்ததும் "நான் யாருன்னு சொல்லு" என்று கேட்பது நீதான். உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். வரச் சொல்லிக் கேட்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் மயக்கம் தெளிந்து நான் கண் திறக்கும்போது, அந்தக் கேள்வியைக் கேட்க நீ வந்துவிடேன்.

உன் ஆசியோடு உன்னையும் எதிர்பார்க்கும்,
தங்கை