தட்டுக்குத் தட்டு குடை

அக்கா,

இன்று ஹட்டன் கடைவீதியில் ஒரு குடை வாங்கினேன். கடைக்காரர் விரித்துக் காட்டியதும் புதுத்துணி வாசம் வந்தது. "என்னா டீச்சர், திரும்பவும் சடங்கு வீடா?" என்றார். அந்த வாசத்தோடு உங்கள் சிரிப்பும் நினைவுக்கு வந்துவிட்டது.

தேவிகா பெரியவளான சமயம் நினைவிருக்கிறதா? என் வகுப்பில் எந்தக் கணக்கையும் வாயாலேயே போட்டுவிடுகிற பிள்ளை. சடங்கு முடிந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது என்று அவளுடைய அப்பா முடிவு செய்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பள்ளிக்கு இறங்கும் வழியில் பாதி காடு. அங்கே எவனோ ஒரு பிள்ளையை வழிமறித்த பயம் யாருக்கும் போகவில்லை. நான் அவரிடம் போய், படித்து முன்னுக்கு வந்த பெண்களை ஒவ்வொருவராக உதாரணம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதாங்க டீச்சர். அந்தக் காட்டு வழியில எம்புள்ள கூட யாரு நடப்பா?"

அதை அப்படியே உங்களிடம் வந்து சொன்னேன்.

மறுநாள் கொழுந்து எடுக்கும்போது நீங்கள்தான் பெண்களிடம் பேசினீர்கள். சீர்த்தட்டில் வளையலும் பவுடரும் வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு வேண்டியதை வைப்போம் என்றீர்கள். சபையில் வைத்த சீரை யாரும் தள்ள மாட்டார்கள் என்பது உங்கள் எண்ணம். ஆனால் யார் எதை வாங்குவது என்று பிரித்துச் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஓயாத மழையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு முதலில் என்ன தோன்றும்? சடங்கு வீட்டில் துணியை விலக்கினால் தட்டுக்குத் தட்டு குடை. என் தட்டிலும் குடைதான்.

"இது சடங்கு வீடா, குடைக் கடையா?" என்று தாய்மாமன் கேட்க, வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தேவிகாவின் அப்பா சிரிக்கவில்லை.

"கேலி பண்றீங்களாக்கா?"

நீங்கள் குடைகளை ஒருமுறை பார்த்தீர்கள். "கேலி இல்ல தம்பி. குடை குடுத்தவ ஆளுக்கொரு நாளு புள்ள கூட நடப்பா. வேலைக்கு எப்புடியும் வெள்ளன எறங்குறோம்ல."

"சாயங்காலம்?"

"டீச்சரும்தானே குடை வச்சிருக்காங்க."

எனக்கே அப்போதுதான் தெரியும்.

"மழைன்னாலும் வருவீங்களா?"

"அதுக்குத்தானய்யா குடை."

அவரும் சிரித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை தேவிகா வகுப்பில் இருந்தாள். வேலைக்கு முன் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில், பிள்ளையோடு நடந்துவிட்டுப் பிந்தி வந்தவர்களைக் கங்காணி ஏசினார். கொஞ்ச நாளில் அவருடைய மகளும் அந்தக் குடை வரிசையில் நடந்தாள். நிறுத்தியிருந்த வேறு சில பிள்ளைகளும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

உங்களை மயானத்துக்கு எடுத்துப் போன அன்றும் மழை. பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிடுவது வழக்கம். தேவிகா நிற்கவில்லை. "எங்க போற?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். "அவங்க எங்கூட நடந்தாங்கல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, உங்களுக்குக் குடை பிடித்தபடி கடைசி வரை போனாள்.

நாளை கீழ் லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சடங்கு. இப்போது யார் எதை வாங்குவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம். ஆனாலும் குடை மட்டும் எத்தனை வந்தாலும் யாரும் வேண்டாம் என்பதில்லை. ஓய்வு பெற்றுவிட்டேன், முழங்கால் வலிக்கிறது, இறக்கத்தில் பிள்ளைகள்தான் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் குடை கொடுத்தவள் நடக்கத்தானே வேண்டும், அக்கா?

புதன்கிழமை சாயங்கால முறை என்னுடையது.