சுவரொட்டியும் சத்து மாத்திரையும்

அஸ்தம்பட்டி
7.7.2025

அன்புள்ள ப்ரியாவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் மாத்திரைப் பையோடு இந்தக் கடிதத்தையும் பரமத்தி வேலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு ஏழாம் மாதம். இரத்த அளவு எட்டிலிருந்து ஏழரைக்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை அட்டை மட்டும் ஒழுங்காகக் காலியாகிறது! போன ஞாயிறு உன் மாமன்மார் எதிரில் பொய்க்காரி என்று கத்தியது தப்புத்தான். ஆனால் விழுங்கிய மாத்திரை எங்கே போகும், நீயே சொல். உங்கம்மா சுவரொட்டி வறுத்துக் கொடுப்பதும் ஆற்று நண்டு ரசம் வைப்பதும் ஆசைக்குச் சரி. அந்த ஆட்டு மண்ணீரலைத் தின்றே இரத்தம் ஏறுமென்றால், நான் எதற்குப் பன்னிரண்டு வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன்? பட்டிக்காட்டு வைத்தியத்தை விடு.

மாத்திரையைச் சாப்பிடு. கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன்
தனபால்

பரமத்தி வேலூர்
10.7.2025

மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க இன்னும் மனம் வரவில்லை.

ஒரு மாத்திரையைக்கூட நான் கீழே போட்டதில்லை. குமட்டினாலும், வயிறு கல்லாக இறுகினாலும், நீங்கள் சொன்னபடி இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து இராத்திரி பாலோடு விழுங்கினேன். நாலு மாதம்! அதற்குத்தான் எனக்கு இந்தப் பட்டமா?

அம்மா விடியுமுன் கறிக்கடையில் போய் நிற்கிறார். ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதானே, பிந்தினால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். “மாப்பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இதையும் ரெண்டு வாய் தின்னு சாமி” என்றுதான் சொல்கிறார். அவரைப் போய்ப் பட்டிக்காடு என்கிறீர்கள்.

இன்றிலிருந்து மாத்திரை கிடையாது. நீங்கள் அனுப்பிய பை பிரிக்காமல் பீரோ மேல் கிடக்கிறது. சுவரொட்டியும் நண்டும் போதும் எனக்கு.

தேவிப்ரியா

அஸ்தம்பட்டி
13.7.2025

ப்ரியா, கண்ணு,

படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீம்பு பிடிக்கிற நேரமா இது? எங்கள் சௌமியா அக்காவுக்கும் ஏழுதான் இருந்தது. பிரசவத்தில் இரத்தம் போக ஆரம்பித்து நிற்கவே இல்லை. இரத்தம் வாங்க ஓடினேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. எனக்குப் பயம், ப்ரியா. அதனால்தான் அட்டையை எண்ணினேன், அதனால்தான் கத்தினேன்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

தனபால்

பரமத்தி வேலூர்
6.8.2025

மாமாவுக்கு,

அக்கா விஷயம் படித்து அழுதுவிட்டேன். மறுநாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எதை, எப்போது, எதோடு சாப்பிடுகிறாய் என்று நர்ஸம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். பாலும் கால்சியமும் இரும்புச் சத்தை உடம்பில் ஒட்ட விடாதாம். “அட ஆண்டவா, நாலு மாசத்த வீணாக்கிப்போட்டியே கண்ணு!” என்று நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது இரும்பு மாத்திரை பகலில், எலுமிச்சைச் சாற்றோடு. கால்சியம் இராத்திரி, தனியாக. சுவரொட்டியும் நல்லதுதான், நன்றாக வேகவைத்துத் தின்னலாம், ஆனால் இந்த அளவுக்கு இறங்கிய பிறகு அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்றார். அம்மா உடனே ஒத்துக்கொண்டார். நேற்றுப் பார்த்ததில் ஒன்பது.

“பால்ல குடிக்கச் சொன்னது ஆரு?” என்று அன்றைக்கு நர்ஸம்மா கேட்டார். அம்மா என் முகத்தையே பார்த்தார். மருந்துக்கடை மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவர். “நானாத்தானுங்க குடிச்சேன்” என்றேன்.

நீங்கள் பொய்க்காரி என்றபோது நான் ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை, மாமா. இப்போது சொல்லிவிட்டேன். ஞாயிறு மாமன்மார் வருகிறார்கள். நீங்களும் வாருங்கள். யார் சொல்லிக் குடித்தேன் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

தேவிப்ரியா