கடைக்கு எத்தனை பக்கம்

27 அக்டோபர், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சனிக்கிழமை பரப்பிய நெத்திலி தார்ப்பாய்க்கு அடியில், இன்னும் காயவில்லை. உம்மா மணிக்கொரு தடவை மாடிக்குப் போய் முகர்ந்து பார்க்கிறாள்.

ராமநாதபுரத்திலிருந்து கார்த்தி போன். நம் கருவாட்டுக்கு வெப்சைட் செய்கிறவன்.

"மூணு சைஸ் இருக்குக்கா. ஒரே பக்கம். இல்லன்னா பத்துப் பொருளு. இல்லன்னா முழுக் கடை, நாப்பது அம்பது வரைக்கும். எதுன்னு சொன்னாத்தான் கை வைக்க முடியும்."

வெள்ளிக்குள் சொல்கிறேன் என்றேன். என் கூடப்பிறந்த காக்காவும் வெள்ளிக்கிழமைதான் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும், விசா புதுப்பிக்கவா வேண்டாமா என்று. ஷார்ஜாவில் சரக்குக் கிட்டங்கியில் பதினொரு வருடம் வேலை. முழுக் கடை என்றால் ஊருக்கே வந்துவிடுவான். அப்படித்தான் பேச்சு.

28, செவ்வாய்

மழை விட்டு விட்டு. முழுக் கடைக்குப் பட்டியல்: நெத்திலி, சூடை, வாளை, பாறை, திருக்கை, சீலா, கணவாய்... இருபத்தாறில் பேனா நின்றது.

வீட்டில் இன்று உண்மையில் இருப்பது: நெத்திலி (ஈரம்). வாளை, கொஞ்சம்.

காக்கா வீடியோவில். "நாப்பது போடு. பாக்குறவனுக்குக் கடை நெறஞ்சு தெரியணும். ரெண்டு கருவாட்டத் தொங்கவிட்டா எவன் நிப்பான்?"

"இல்லாத மீனுக்கு என்ன செய்ய?"

"நான் வந்து வாங்கித் தாரேன். பாம்பன் பூரா நமக்குத் தெரிஞ்ச ஆளுதானே, தங்கச்சி."

அவனுக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டில், காயப்போட்ட கைலி.

மீதியைக் காக்கா சொல்லச் சொல்ல எழுதி, மாதிரிக்கு நாற்பதையும் போட்டுக் காட்டச் சொன்னேன் கார்த்தியிடம். மேலே 'எங்க உம்மா கையால காயவைச்சது' என்று ஒரு வரி. கடைசியில் என் நம்பர், அதற்குக் கீழே காக்கா ஊருக்கு வந்தால் போடும் நம்பர். சாயங்காலம் காக்கா அதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தான்.

29, புதன்

காக்காவுக்குப் பொறுக்கவில்லை. மாதிரியை வாட்ஸப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். மதியத்துக்குள் மூன்று ஆர்டர். இரண்டு வாளைக்கு, அது இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பெண் ஒருவர், சீலா ஒரு கிலோ. சீலா இந்த வருடம் நாங்கள் காயவைக்கவே இல்லை.

இல்லையென்று சொல்லிவிடலாம் என்றேன் உம்மாவிடம்.

"வாசல்ல வந்து கேட்டவள வெறுங்கையாவா அனுப்புவ?"

"வாசலுக்கு வரல உம்மா. கோயம்புத்தூர்ல இருக்காங்க."

"எங்கன இருந்தா என்ன. கேட்டுட்டாள்ல."

குடையோடு சந்தைக்குப் போய் வாங்கி வந்தாள். மணலில் போட்டுக் காயவைத்தது. நாங்கள் மாடியில் வலை விரித்துத்தான் காயவைப்போம். தட்டத் தட்ட மணல் உதிர்ந்துகொண்டே இருந்தது. தெரிந்தே கட்டி கூரியரில் போட்டது நான். உம்மா இல்லை.

30, வியாழன்

காற்று. ஒரு படகும் போகவில்லை. சைட்டில் மட்டும் நாற்பது வகையும் 'இருப்பு உள்ளது'.

தலைவலி. ரஷ்ய நாவல் நான்கு நாளாக அதே பக்கத்தில். அதில் ஒருவர் பெரிய வீடு கட்டத் திட்டம் போட்டுப் போட்டே படுத்துக் கிடக்கிறார். மூடிவைத்தேன்.

பால், தீப்பெட்டி, உம்மாவுக்கு வலி மருந்து.

31, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து செய்தி. "நாலு தடவை கழுவியும் மணல். பையன் துப்பிட்டான். 'எங்க உம்மா கையால காயவைச்சது'ன்னு போட்டிருந்தீங்களே."

உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம். மாடிக்குப் போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

கார்த்திக்குச் சொன்னேன். ஒரே பக்கம். அந்த வாரம் எங்கள் மாடியில் காய்ந்தது மட்டும். ஒன்றும் காயாவிட்டால் 'இல்லை' என்று போட வேண்டும்.

"இல்லன்னு சொல்றதுக்கா ஒரு சைட்டு?"

"ஆமா."

ஜும்ஆ முடிந்து காக்கா கூப்பிட்டான். சொன்னேன்.

"ஒரே பக்கமா?"

"ஆமா காக்கா."

"அதுல எத்தன பேருக்கு வேலை இருக்கும்?"

"உம்மாவுக்கும் எனக்கும்."

வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து தேடியும் வேறு மாதிரி கிடைக்கவில்லை.

அந்தப் பக்கம் லாரி பின்னோக்கி வரும் சத்தம். யாரையோ ஓரம் போகச் சொல்லிவிட்டு வந்தான்.

"சரி. கீழ என் நம்பர் போட்டிருந்தியே, எடுத்துரு. எவனாச்சும் கூப்பிட்டு நான் எடுக்கலன்னா பேரு கெட்டுப்போகும்."

1 நவம்பர், சனி

வெயில். நெத்திலியில் பாதி கெட்டுவிட்டது. மீதியைப் பரப்பியாச்சு.

கார்த்தி செய்தி: "நம்பர் ரெண்டா, ஒண்ணாக்கா?"

ஒன்று.