இணைச்சீருக்கு ஒரு தங்கை

கருமத்தம்பட்டி
நவம்பர் 16, 2025

அம்மணி லோகாவுக்கு,

நீ, பாப்பா கனிஷ்கா, மச்சான் எல்லாரும் சுகந்தானே? போன் போட்டால் "அப்புறம் கூப்பிடறேனுங்ணா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. சிரிக்காதே. முப்பத்தொன்பது வயதுத் தறிக்காரனுக்குப் பெண் கொடுக்க ஈரோட்டில் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. பெண் பெயர் யுவஸ்ரீ. என்னைப் பிடித்திருக்கிறதாம், இன்னும் நம்ப முடியவில்லை. தை மாதம் அவிநாசியில் கல்யாணம்.

இணைச்சீருக்கு நீ வேண்டும். கூறைச்சேலையோடு கூடப்பிறந்தவள் பக்கத்தில் நிற்காமல் நம்மில் எந்த மாப்பிள்ளை தாலி கட்டியிருக்கிறான்? அப்பா அம்மா போன பிறகு எனக்கு நீதானே இருக்கிறாய். அமெரிக்காக்காரனுக்கே அமெரிக்கச் சரித்திரம் சொல்லித்தரும் புரொபசர் அம்மாவுக்குப் பத்து நாள் லீவு கிடைக்காதா?

உன் அண்ணன்,
கிருபாசங்கர்

ஓஹையோ
நவம்பர் 20, 2025

அன்புள்ள அண்ணா,

படித்துவிட்டு சந்தோஷத்தில் அழுதேன். அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

ஆனால் என்னால் வர முடியாது. ஊருக்கு வந்தால் புது விசா முத்திரை குத்தாமல் திரும்ப முடியாது. போனவர்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வக்கீல், "நாட்டைவிட்டு வெளியே போகாதே" என்கிறார்.

இந்த நாட்டுக்கு இது புதிதில்லை அண்ணா. 1888இல், திரும்பி வரலாம் என்று அரசாங்கமே கொடுத்த சான்றிதழோடு சீனத் தொழிலாளிகள் ஊருக்குப் போனார்கள். கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தபோதே சட்டம் மாறிவிட்டது. துறைமுகம்வரை வந்தவர்களைக் கரையில் இறங்க விடவில்லை. வருஷா வருஷம் இதை வகுப்பில் கதை போலச் சொல்லிவிட்டுப் போவேன். இப்போது அந்தப் பாடம் வந்தால் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன்.

பெரியப்பா மகள் ஹாரிகாவை நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
லோகப்பிரியா

கருமத்தம்பட்டி
டிசம்பர் 7, 2025

லோகா,

சீனாக்காரன் கதை நன்றாக இருக்கிறது. பெண் வீட்டார், "ஏனுங்க, உங்க தங்கச்சி எப்ப வருது?" என்று கேட்கிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்லட்டுமா?

திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். இங்கேயே இருந்துகொள். மச்சான் கனிஷ்காவைக் கூட்டிக்கொண்டு பின்னால் வரட்டும். நீ உயிரோடு இருக்கும்போது உன் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்த மாட்டேன். வர மனமில்லை என்றால் அதை நேராகச் சொல்.

கிருபா

ஓஹையோ
டிசம்பர் 9, 2025

அண்ணா,

மச்சான் கூட்டிக்கொண்டு வரமாட்டார். எங்களுக்கு விவாகரத்து ஆகி இரண்டு வருடமாகிறது. உங்களுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம், என்னால் கெட்டுவிடக் கூடாதென்று மறைத்தேன்.

கனிஷ்கா பாதி வாரம் என்னிடம், பாதி வாரம் அவரிடம். அவளை நாட்டைவிட்டு வெளியே கூட்டிப் போகக் கூடாதென்று கோர்ட் உத்தரவு. அவள் இங்கே பிறந்தவள், இந்த நாட்டுப் பிள்ளை. நான் அப்படியில்லை. நான் வந்து, என்னைத் திரும்ப உள்ளே விடாவிட்டால், ஆறு வயதுப் பிள்ளையை அதோடு இழந்துவிடுவேன். ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை அண்ணா.

உங்கள் காலில் விழுகிறேன். ஹாரிகாவை வைத்துக் கல்யாணத்தை முடியுங்கள். இதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

லோகா

கருமத்தம்பட்டி
ஜனவரி 4, 2026

லோகாவுக்கு,

உன் மெயிலைப் படித்துவிட்டு நாள் முழுக்கத் தறியை நிறுத்திப்போட்டேன். தனியாக இத்தனையும் தாங்கியிருக்கிறாய். உன்னை விட்டுவிட்டுத் தாலி கட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஈரோடு போய் ஆவணிக்குத் தள்ளிவைக்கக் கேட்டேன். அதற்குள் உனக்கு விசா சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, உனக்கே தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணின் அப்பா, "ரண்டு வருசமா மறைச்சுப்போட்டு இப்பத்தான் சொல்றீங்க. இன்னும் என்னென்ன இருக்குதோ, எங்களுக்கு வேண்டாமுங்க" என்றார். யுவஸ்ரீ கதவோரம் நின்றிருந்தாள். வெற்றிலைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நீ சொன்னபடி ஹாரிகாவை நிறுத்தியிருந்தால் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். கெடுத்தது நான்தான். உன்மேல் தப்பில்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்மேல்தான் ஆத்திரமாக வருகிறது, அம்மணி.

பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள். எனக்கு எழுதாதே. எழுதினாலும் படிக்க மாட்டேன்.

கிருபாசங்கர்