மூன்றாவது கட்டம்

8 மார்ச் 2002, வெள்ளி

குடியாத்தம் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஜன்னலோர சீட்.

புரோகிராம் கோடில் எதை மாற்றினாலும் விண்டோஸ், லினக்ஸ், பழைய யூனிக்ஸ் மூன்றிலும் ஓட்டிப் பார்த்து, நோட்டில் மூன்று கட்டத்திலும் இனிஷியல் போட்ட பிறகுதான் சேர்க்க வேண்டும். எங்கள் அடுகோடி ஆபீஸ் சட்டம் இது. அந்த யூனிக்ஸ் கிழம் நாற்பது நிமிடம் எடுக்கும். அதுவரை பஸ் நிற்குமா? இரண்டில் ஓடியது மூன்றாவதில் ஓடாதா என்ன? மூன்றாவது கட்டத்திலும் போட்டுவிட்டேன்.

கிளம்பும்போது கூட வேலை செய்யும் சிரில், "ஆயித்தா பாமா?" என்றான். உள்ளூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரன், முடிந்ததா என்பதைக்கூட கன்னடத்தில்தான் கேட்பான். "ஆயித்து" என்றேன்.

11, திங்கள்

அம்மா கொடுத்த பொரிவிளங்காய் உருண்டையில் சிரில் மட்டும் நான்கு தின்றான்.

12, செவ்வாய்

வெளிநாட்டு ஆஸ்பத்திரி லேபிலிருந்து மெயில். வெள்ளிக்கிழமை அனுப்பிய புரோகிராமில் ரத்தச் சர்க்கரை கோடிக்கணக்கில் வருகிறதாம், யூனிக்ஸில் மட்டும். அங்கிருந்த பெண் நம்பாமல் நிறுத்திவிட்டாள். நம்பும்படி ஓர் எண் வந்திருந்தால்?

வெள்ளிக்கிழமை மாற்றம் சேர்த்தது இரண்டே பேர், நானும் சிரிலும். நோட்டில் இருவருக்கும் மூன்று இனிஷியல். மேனேஜர் சேஷகிரி சார் சிரிலைத்தான் பார்த்தார். அவன் இன்னும் புரொபேஷன்.

13, புதன்

என் வரிதான். எண்ணை அந்த யூனிக்ஸ் மெஷின் பின்னாலிருந்து படிக்கிறது. ஒரே வரியில் திருத்திவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

சிரில் மத்தியானம் சாப்பிடவில்லை. தன் கோடையே வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சாரிடம், "என்னோடதாதான் சார் இருக்கும், எதையோ விட்டுட்டிருப்பேன்" என்றானாம். ஓட்டிப் பார்த்தவன் தன்னையே சந்தேகப்படுகிறான். ஓட்டாதவள் நான் வாயைத் திறக்கவில்லை.

14, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. சீ.

15, வெள்ளி

அவனுடைய கன்ஃபர்மேஷனை நிறுத்தி வைக்கப்போவதாகக் காலையில் சார் சொன்னார். நேராக அவர் அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டேன்.

"கோடுல தப்பு எல்லாருக்கும் வரும்மா. ஓட்டாமலே இனிஷியல் போட்டியே, அத எதுல சேக்கறது?"

என்ன சொல்வேன்? பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா?

சிரிலிடமும் நானே சொன்னேன். "மூணு நாளா தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டான்.

"ரெண்டு நாளா" என்றேன். நாள் கணக்கைத் திருத்துகிறேனாம், வெட்கங்கெட்டவள்.

1 ஏப்ரல், திங்கள்

சிரிலுக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்துவிட்டது. எல்லாருக்கும் மைசூர்பாகு. என் மேஜையில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனான், நின்று பேசவில்லை.

நோட்டில் என் பெயருக்கு மட்டும் நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார் சார். அதில் சிரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் எதையும் சேர்க்கலாம்.

5 ஏப்ரல், வெள்ளி

மூன்றிலும் ஓட்டி, யூனிக்ஸ் முடியும்வரை அங்கேயே நின்றேன். சிரிலைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து தானே ஒருமுறை ஓட்டினான். நாற்பது நிமிடம் பக்கத்திலேயே நின்றேன்.

முடிந்ததும் நான்காவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனான். ஆயித்தா என்று அவன் இப்போதெல்லாம் என்னைக் கேட்பதில்லை.